அந்தப் பட்டாம்பூச்சிக்கு என்ன கிடைத்தது?

மனிதனுக்கும் மற்ற உயிர்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே கலைப்படைப்பாக அமைப்பது) என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான்: அந்த உயிருக்கு இதில் என்ன கிடைத்தது? பார்த்தவர்கள் கலங்கினார்களா, மனம் மாறினார்களா என்பதெல்லாம் அப்புறம்.

2012-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட்டின் கண்காட்சி நடந்தது. அதில் ஜன்னலே இல்லாத ஓர் அறை முழுக்க உயிருள்ள பட்டாம்பூச்சிகள். பறந்து, பழத்தில் உட்கார்ந்து, அங்கேயே செத்தன. 23 வாரங்களில் 9,000-க்கும் மேல் என்று அப்போதே செய்தி வந்தது. கூட்டத்தின் காலில் மிதிபட்டவையும் உண்டு. அவை தம் ஆயுளின் கடைசிக் கட்டத்தை அங்கே இயல்பாகத்தான் கழித்தன என்பது அருங்காட்சியகத்தின் பதில். என்னால் ஏற்க முடியவில்லை. வாழ்வையும் சாவையும் பற்றி நாம் யோசிப்பதற்காக இன்னொரு உயிர் ஏன் வாரக்கணக்கில் செத்து விழ வேண்டும்?

உயிரைக் கலைக்குள் கொண்டுவரவே கூடாது என்று சொல்லவில்லை. 1972-இல் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகர அருங்காட்சியகத்தில் செய்ததைப் பாருங்கள். அந்த நகரமே ரைன் நதியில் விட்டுக்கொண்டிருந்த கழிவுநீரைக் கொண்டுவந்து, ரசாயனம் சேர்த்து, கசடை இறக்கி, வடிகட்டி, ஒரு தொட்டியில் விட்டார். தொட்டியில் தங்கமீன்கள். மிஞ்சிய தண்ணீர் தோட்டத்துக்குப் போனது. நகரத்தின் அழுக்கை நகரத்தின் அருங்காட்சியகத்திலேயே கொண்டுவந்து வைக்கத் துணிச்சல் வேண்டும். மீனைச் சோதனைக்குத்தானே வைத்தார் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த மீன் பிழைக்க மனிதர்கள் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னும் பெரியது ஜெர்மன் கலைஞர் யோசப் பாய்ஸின் ‘7,000 ஓக் மரங்கள்’ என்ற படைப்பு. 1982-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் டாக்குமென்டா என்ற கலைக் கண்காட்சிக்காக, அங்குள்ள அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்து வைத்தார். நகரத்தில் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல் நகரும். நகர்ந்த கல்லை அந்த மரத்தின் பக்கத்திலேயே ஊன்றுவார்கள். மரம் நடாமல் குவியல் குறையாது, அவ்வளவுதான். 1986-இல் பாய்ஸ் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987-இல் அவருடைய மகன் நட்டார். பல இடங்களில் நட்டபோது மரம் விரல் தடிமன்தான், கல்தான் கண்ணில் பட்டது. இன்று கல் அப்படியே இருக்கிறது, மரம் எங்கேயோ உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கண்காட்சி முடிந்தது என்று அந்த மரங்களுக்கு யாரும் சொல்லவில்லை!

அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பர்க் என்ற கலைஞர் தோட்டத்தையே படைப்பாகச் செய்கிறார். எந்தச் செடி எங்கே என்பதை ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. எத்தனை வகைத் தேனீக்களுக்கும் பூச்சிகளுக்கும் உதவும் என்பதே அதன் கணக்கு. நம் ரசனைக்கு அதில் இடமில்லை.

அருங்காட்சியகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உயிருள்ள எதையாவது காட்சிக்கு வைத்தால், கலைஞர் பெயரும் ஆண்டும் இருக்கிற அதே அட்டையில் இதையும் எழுதுங்கள்: எத்தனை உயிர்களைக் கொண்டுவந்தீர்கள், எத்தனை செத்தன, மிச்சம் எங்கே போயின.