501-வது யூனிட்டின் விலை 243 ரூபா

"யூனிட் அஞ்சு ரூபா, நாம 450 யூனிட், அப்போ பில் இவ்வளவு"ன்னு வாய்க்கணக்கு போடுறவங்களைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது. தமிழ்நாட்டு வீட்டுக் கரண்டுக்கு ஒரே விலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுய்யா!

2024 ஜூலை ரேட்டை எடுங்க. ரெண்டு மாசத்துக்கு 500-க்குள்ள நின்னா முதல் 100 இலவசம், அடுத்த 100 ரூ.2.35, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. மொத்தம் 1,805. இப்போ 501-ஐத் தொட்டுப் பாருங்க. கூட 8.40 தானேன்னு நினைப்பீங்க. அந்த 2.35 பறிபோய் அதுவும் 4.70 ஆயிடும். பில் 2,048 ரூபா 40 காசு. ஒத்த யூனிட்டுக்கு 243 ரூபா!

அதைவிட வயித்தெரிச்சல் ரீடிங் தேதி. நாளைக்கு ஏழரை யூனிட் ஓடுற வீடு. 60-வது நாள் எடுத்தா 450 யூனிட், 1,490 ரூபா. ஆடி அசைஞ்சு 68-வது நாள் வந்தா 510 யூனிட், 2,124 ரூபா. "அடுத்த தடவை குறையும்ல"ன்னு சமாதானம் வேற. குறையும்தான்: 52 நாள், 390 யூனிட், 1,128. ரெண்டையும் கூட்டினா 3,252. ஒழுங்கா வந்திருந்தா 2,980. அதே ஃபேன், அதே மிக்ஸி, 272 ரூபா தண்டம்.

ரீடிங் எழுதுற வெள்ளை அட்டையை பீரோவுல பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறீங்க? போன ரீடிங்கை காலண்டர்ல எழுதுங்க. 40-வது நாள் மீட்டரைப் பாருங்க. தேதி, நேரம், வோல்ட்னு மாறி மாறி ஓடும், கே.டபிள்யூ.எச். பக்கத்துல வர்ற எண்தான் யூனிட். போனதைக் கழிச்சா 295-ஐத் தாண்டுதா? எட்டு நாள் தாமதமானா மாட்டினீங்க.

எது குடிக்குதுன்னு தெரியலையா? மீட்டர்ல 3200 இம்ப்னு போட்டிருந்தா, சிவப்பு லைட் 3,200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் அணைச்சு ஏசியை மட்டும் விட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 80 சிமிட்டல்னா மணிக்கு ஒன்றரை யூனிட். இன்வர்ட்டர் ஏசியா? ரூம் குளிர்ந்ததும் திரும்ப எண்ணுங்க, ஆரம்பத்துல அது பேய் மாதிரி இழுக்கும்.

490-ல நிக்கிறப்போ கீசர், அயர்ன் பாக்ஸைத் தள்ளிப் போடுங்க. 2,000 வாட் கீசர் கால் மணி நேரத்துல அரை யூனிட். 501 தாண்டியாச்சுன்னா விட்டது விட்டதுதான். 600-க்கு மேல 9.45, ஆனா அங்க இந்த மாதிரிக் குழி கிடையாது.