5 மணி வண்டி 5:42க்குக் கிளம்பினால்

முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். சின்ன அறை, மேஜை, பெரிய நோட்டு, சுவரில் ஒரு கடிகாரம். வண்டி நம்பர், வந்த நேரம், எடுத்த நேரம். நாலு நிமிடம் தாமதமாக எடுத்த டிரைவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கம் ரிட்டயர் ஆனாலும் போகாது. அதனால் மற்றவர்கள் "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் ஒரு விஷயத்தை என்னால் விட முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு நம்ம ஊர் மதுரையில் ஒரு அரை மாரத்தான். 21.1 கிலோமீட்டர். எனக்கு இது ஐந்தாவது. வயது 63. 57 வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்க ஆரம்பித்து, ஒருநாள் மழை வந்ததால் கேட் வரைக்கும் ஓடினேன். ஓட வருகிறதே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை அவ்வளவுதான், இதில் சாதனை ஒன்றும் இல்லை.

நோட்டீஸில் போட்டிருந்த நேரம் காலை 5 மணி. நான் 4:15க்கே போய்விட்டேன். வீட்டம்மா முதல் நாள் ராத்திரியே பனியனில் நாலு ஊசி குத்தி நம்பர் அட்டையை மாட்டிவைத்திருந்தாள். பாக்கெட்டில் ரெண்டு கடலைமிட்டாய், ஒரு பாக்கெட் ஓஆர்எஸ். 4:45க்கு எல்லாரும் ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றோம். 5 ஆனது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. மேடையில் ஒரு பெண் பாட்டுப் போட்டு எல்லாரையும் கையைத் தூக்கி ஆடச் சொன்னாள். 21 கிலோமீட்டர் ஓடப் போகிறவனை எதற்கு ஆட வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 5:20க்கு ஒரு கார் வந்தது, அது அவர் இல்லை. 5:30க்கு வந்தார். குத்துவிளக்கு, சால்வை, போட்டோ, ரெண்டு வார்த்தை. கொடி அசைத்தபோது என் வாட்ச்சில் 5:42.

பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்: "நாப்பது நிமிஷந்தானே அங்கிள், என்ன இப்ப?"

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் பிப்ரவரி கடைசியில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:35. 5 மணிக்கே கொடி அசைத்திருந்தால், 1 மணி 20 நிமிடத்தில் ஓடுகிற பையன் 6:20க்கு, வெயில் என்ன நிறம் என்று பார்க்காமலே முடித்திருப்பான். 5:42க்குக் கிளம்பினாலும் 7:02க்கு முடிந்துவிடும். அவனுக்கு வெயில் இருபத்தேழு நிமிடம், அதுவும் இளம் வெயில். நான் ஓடி முடிக்க 2 மணி 38 நிமிடம் ஆகும். 5 மணிக்குக் கிளம்பியிருந்தால் 7:38, ஒரு மணி நேர வெயில். 5:42க்குக் கிளம்பியதால் 8:20. ஒண்ணே முக்கால் மணி நேரம் வெயில், அதிலும் கடைசி முக்கால் மணி நேரம் உறைக்கிற வெயில். தாமதம் எல்லாருக்கும் 42 நிமிடம்தான். ஆனால் மெதுவாகப் போகிறவன் கணக்கில்தான் அது ஏறுகிறது.

வயதானவன் உடம்புக்கு வெயில் இன்னும் மோசம். தாகமே சரியாகத் தெரியாது. வியர்வை முன்போல் சுரக்காது. சூட்டைத் தள்ள தோலுக்கு ரத்தம் ஓட வேண்டும், அந்த வேலையும் மந்தமாகிவிடும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கில் என் இதயத்துடிப்பின் உச்சம் 157. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கில் 164. ரெண்டும் குத்துமதிப்புதான், ஆளுக்கு ஆள் மாறும். அன்றைக்கு முதல் 10 கிலோமீட்டர் 140ஐத் தாண்டாமல் ஓடினேன். திரும்பி வரும்போது அதே வேகம், அதே ரோடு, வாட்ச்சில் 156. வேகம் கூடவில்லை, வெயில்தான் கூடியது.

ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரேஸ்கோர்ஸிலிருந்து அழகர்கோவில் ரோடு, புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் தாண்டி, அப்பன்திருப்பதிக்கு முன்னாலேயே யூ டர்ன். கடச்சனேந்தல் பக்கம் போகும்போது வலது கைப்பக்கம் யானைமலை. இருட்டில் ஒரு கறுப்புத் திட்டாகக் கிடந்தது மெதுவாக வெளுத்து, முதுகு தெரிந்து, அப்புறம் தும்பிக்கை தெரிந்தது. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்க்கிற மலைதான். ஓடும்போது பார்த்தால் மட்டும் அது கூடவே நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

அழகர்கோவில் மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். அதாவது நம்ம அழகர் வருஷா வருஷம் சித்திரையில் வருவதே ஒரு அரை மாரத்தான் தூரம்தான். அவர் ஒரே மூச்சில் வருவதில்லை. கள்ளர் வேஷம் கட்டிச் சாயங்காலம் கிளம்பி, வழியெல்லாம் சாமி இறங்கி நிற்கும் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, மறுநாள் மூன்றுமாவடியில் ஊரே எதிர்கொண்டு கும்பிடும் எதிர்சேவையை வாங்கிக்கொண்டு, தல்லாகுளத்தில் தங்கி, அதற்கடுத்த விடியலில்தான் ஆற்றில் இறங்குகிறார். நான் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பவன். முதல் தடவை அப்படி நடந்தபோது வெட்கமாக இருந்தது. அப்புறம் அழகரை நினைத்துக்கொண்டேன், வெட்கம் போய்விட்டது.

யூ டர்ன் போடும்போது மணி 7:01. அடுத்த சில நிமிடத்தில் முதலில் வந்த பையன் ரேஸ்கோர்ஸில் பூவன்பழத்தை உரித்துக்கொண்டிருந்திருப்பான். இதில் எனக்குப் பொறாமை இல்லை, கொஞ்சம் பசி மட்டும் இருந்தது.

17ஆவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில்தான் விஷயம். போகும்போது அதே இடத்தில் மேஜை நிறைய பேப்பர் கப், ஆரஞ்சுச் சுளை, பாட்டு, கூச்சல். வரும்போது மணி 7:50. இருபது லிட்டர் கேன்கள் ஆறு கவிழ்ந்து கிடந்தன. ரோடு பூரா நசுங்கிய கப். ஒரு காலேஜ் பையன் பேனர் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். "ஐயா, எல்லாரும் போயிட்டாங்கன்னு சொன்னாங்கய்யா." ஒரு கேனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அரைக் கப் வந்தது. அதையும் ரெண்டு கையாலும் பிடித்து நீட்டினான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம், எனக்குப் பின்னால் இன்னும் அறுபது பேர் வருகிறார்கள் என்று தெரியாமல் அவனைக் கிளம்பச் சொன்ன ஆள் மேல்தான். எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் அந்த இடத்தைத் தாண்டினார்கள் என்று எண்ணிக் கழிக்க ஒரு நோட்டு போதும். நான் செய்த வேலையே அதுதான்.

அரைக் கிலோமீட்டர் தள்ளி, தெருக்குழாயில் ஒரு அம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. குடத்தை நகர்த்திவிட்டு ஒரு செம்பில் பிடித்து, என் உள்ளங்கையில் ஊற்றினார். "மெதுவாக் குடிங்கண்ணே, புரையேறிரும்." குடித்தேன். இன்னொரு செம்பு பிடித்து, கேட்காமலே என் தலையில் ஊற்றிவிட்டார். "எங்கண்ணே இப்படி ஓடுறீங்க, பஸ்ஸு வருமே?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கிழித்து அதே செம்பில் கலக்கிக் கொடுத்தார். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு இறங்கி அதுவும் ஆபத்து, அதனால்தான் அந்தப் பாக்கெட்.

இந்த ஊருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையில் பாருங்கள். நீர்மோர்ப் பந்தல் போட்டவன், அழகர் தாண்டிப் போய்விட்டார் என்பதற்காகப் பானையைக் கவிழ்ப்பதில்லை. சாமிக்குப் பின்னால் காலில் செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு வரும் கடைசிக் கிழவி வரைக்கும் மோர் உண்டு. தண்ணீர் பீய்ச்சுகிறவன் யார் முதலில் வந்தான் என்று பார்ப்பதில்லை. அந்த ரோட்டிலேயே, அந்த ஊர்க்காரர்களே நடத்துகிற ஓட்டத்தில் கடைசி ஆளுக்குத் தண்ணீர் இல்லை என்றால் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போலீஸ் ரோட்டை அடைத்துக் கொடுத்தது 8 மணி வரை. கொடி எப்போது அசைத்தாலும் அவர்களுக்கு 8 மணி 8 மணிதான். அது நியாயம், ஞாயிற்றுக்கிழமையானாலும் அந்த ரோட்டில் பஸ் ஓட வேண்டும், அதை நானே தடுக்க மாட்டேன். ஆக அந்த 42 நிமிடத்தை யாரிடமிருந்து எடுத்தார்கள்? கடைசி இருபது நிமிடம் புதூரிலிருந்து பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில்தான் ஓடினேன். ஒரு டவுன் பஸ் பக்கத்தில் வந்து ஆரன் அடித்தது. பழைய டிரைவர், என் நோட்டில் பலமுறை கையெழுத்துப் போட்டவர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன டைம் கீப்பரய்யா, லேட்டு போலயே!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

இதையெல்லாம் சொன்னால் வருகிற பதில் என்ன தெரியுமா? "சார், இந்த வயசுல ஓடுறதே பெரிய விஷயம். நீங்க எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன்." அமைப்பாளர்களுக்கு எழுதினேன், அவர்களும் இதையே எழுதி, கூடவே ஒரு கைகூப்பும் படம் அனுப்பினார்கள். நல்லவர்கள்தான், சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை, விருந்தினர் வந்தால்தான் பணமும் அனுமதியும் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்ஸ்பிரேஷன் என்று சொல்லிவிட்டால் தண்ணீர் வைக்க வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

கிழவன் ஓட்டம் என்றால் எல்லாரும் ஃபௌஜா சிங்கைச் சொல்வார்கள். 2011இல் டொரொன்டோவில் 100 வயதுக்காரராக முழு மாரத்தான் முடித்தவர், 8 மணி 11 நிமிடத்தில். கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் என் மனசுக்கு நெருக்கம் கனடாவின் எட் விட்லாக். 2003இல் 72 வயதில் முழு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார், 70ஐத் தாண்டியவர்களில் முதல் ஆள். அடுத்த வருடம் 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓடித்தான் பயிற்சி. அவர் கைதட்டலுக்கு ஓடிய ஆள் இல்லை, கடிகாரத்தோடு போட்டி போட்டவர். நாங்களும் போட்டிதான் போடுகிறோம். போன தடவையைவிட ஒரு நிமிடம் குறைக்க ஆறு மாதம் பாடுபடுகிறோம். முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, கால் நகம் கறுத்து விழுந்து, ஞாயிறு காலை மூணரைக்கு எழுந்து.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனால், வயதுப் பிரிவு என்று ரெண்டே ரெண்டு வைத்திருந்தார்கள்: 45க்குக் கீழ், 45க்கு மேல். 46 வயதுக்காரனும் 63 வயதுக்காரனும் 70 வயதுக்காரரும் ஒரே கூடையில். உலக அளவில் மூத்தோர் தடகளத்தில் 35இலிருந்து ஐந்து ஐந்து வருடமாகப் பிரிக்கிறார்கள், வயதுக்கு ஏற்ப நேரத்தைச் சரிக்கட்டிப் பார்க்க அட்டவணையே இருக்கிறது. கப்பும் பணமும் அத்தனை பிரிவுக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நேரம் குறிக்கிற சிப் ஏற்கெனவே காலில் கட்டியிருக்கிறது, வயதும் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிரித்து ஒரு பட்டியல் போட கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

8:20க்குக் கோட்டைத் தாண்டினேன். மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஓடி வந்து மெடலை மாட்டி, "தாத்தா, செம!" என்றாள். பொங்கல் தீர்ந்துவிட்டது, சட்னி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா கேட்டாள்: "ஏங்க, எத்தனையாவதா வந்தீங்க?"

"45க்கு மேல்ல முப்பத்தேழாவது."

"உங்க வயசுக்காரங்கள்ல?"

"தெரியலை."

"ஏன்?"

"யாரும் எழுதி வைக்கலை."

அவள் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிவி மேல் இருந்த நாலு மெடலோடு அதையும் மாட்டினாள். அப்புறம் உள்ளே போய் என் பழைய டைரியையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உட்கார்ந்து எழுதினேன். எடுக்க வேண்டிய நேரம் 5:00. எடுத்த நேரம் 5:42. வந்த நேரம் 8:20. காரணம் என்ற கட்டத்தில், விருந்தினர்.