அந்தக் கரும்பலகையில் இருந்தது கணிதம்தான்

ஓர் இளம் கணித ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கிரிக்கெட் போட்டியின் ஓட்டங்களை வரைபடமாக்கிய கரும்பலகையின் புகைப்படம் கடந்த வாரம் நம் ஆசிரியர் குழுக்களில் சுற்றியது. அதைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த இளம் ஆசிரியரிடம், பாடவேளையில் கிரிக்கெட் பேசியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள் என்று அறிந்தபின் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. படத்தைப் பகிர்ந்து, "கிரிக்கெட் நடத்துகிறார்கள், இது பள்ளிக்கூடமா, விளையாட்டுத் திடலா?" என்று கேட்டவர்களே, அதை ஒரு முறையாவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா? கிடை அச்சில் ஓவர்கள், செங்குத்து அச்சில் ஓட்டங்கள், மூலையில் அளவுத்திட்டம், அதன் கீழே ஒரு நேரியல் சமன்பாடு. இதில் எது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது?

அவர் எடுத்துக்கொண்டது 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முதல் 10 ஓவர்களில் இந்தியா 2 விக்கெட் இழப்புக்கு 80 ஓட்டங்கள் எடுத்திருந்தது. ஓவருக்கு 8, அதாவது கோட்டின் சாய்வு 8. அந்தக் கோட்டை அளவுகோலால் 50 ஓவர் வரை நீட்டச் சொன்னார். அது 400இல் போய் நின்றது. அதன் பிறகுதான் உண்மையில் நடந்ததைக் குறிக்கச் சொன்னார். இந்தியா எடுத்தது 240. மீதி 40 ஓவர்களில் 160 மட்டுமே, சாய்வு 4. பாதியாகக் குறைந்துவிட்ட அந்தச் சாய்வுதான் அன்றைய பாடம். ஏன் குறைந்தது என்று பிள்ளைகளே பேசியிருக்கிறார்கள். முதல் 10 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே 2 பேரைத்தான் நிறுத்தலாம், அதற்குப் பின் 40ஆவது ஓவர் வரை 4 பேரை நிறுத்தலாம். மூன்றாவது விக்கெட் 11ஆவது ஓவரிலேயே விழுந்துவிட்டது. எந்தச் சூழலில் அந்தத் தரவு பிறந்ததோ அந்தச் சூழல் மாறினால் நீட்டிய கோடு பொய்யாகும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாகச் சொல்கிறாள் என்றால், அதற்கு மேல் ஒரு கணித வகுப்பிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எண்ணின்மீது அக்கறை இருக்கும் பிள்ளைதான் அந்த எண்ணோடு வாதாடும். ஒரு நகரத்தின் ஏழு நாள் வெப்பநிலை என்று நாம் கொடுக்கும் கணக்கில் எந்தப் பிள்ளையாவது, "எட்டாவது நாள் என்னவாகும், மிஸ்?" என்று கேட்டதுண்டா? புள்ளிகளைக் குறிப்பார்கள், இணைப்பார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். வரைபடம் எதையோ சொல்கிறது, அது தவறாகவும் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வராது.

இதை நான் கல்வியியல் வகுப்பில் கற்கவில்லை, என் வீட்டில் கற்றேன். சேப்பாக்கத்தில் போட்டி நடக்கும் நாட்களில் அப்பா வானொலியின் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே, மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஓட்டங்களை எழுதி வருவார். வகுத்துச் சொல்வது என் வேலை. பள்ளியில் வகுத்தல் என்றாலே அழுத நான், வீட்டில் ஒரு மட்டையாளரின் சராசரியை அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருப்பேன். நான் கணக்கு வாத்தியாராக வந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று அப்பா இருக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் "கிரிக்கெட் நடத்துகிறார்கள்" என்ற சொல் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

பாடப்பகுதியை முடிக்க வேண்டாமா என்பார்கள். முடிக்க வேண்டும், நாங்கள் முடிக்கிறோம். பத்தாம் வகுப்பில், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கின்றன. ஒரு மட்டையாளர் 45, 50, 55 எடுக்கிறார், இன்னொருவர் 0, 10, 140 எடுக்கிறார். இருவரின் சராசரியும் 50தான். அடுத்த போட்டியில் யாரை நம்பி இறக்குவீர்கள் என்று கேட்டுவிட்டு விலக்கத்தைத் தொடங்கினால், சூத்திரம் எதற்காக வந்தது என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் 80 முறை ஆடி எடுத்தது 6996 ஓட்டங்கள். ஆனால் வகுப்பது 80ஆல் அல்ல, ஆட்டமிழந்த 70 முறைகளால். 80ஆல் வகுத்தால் 87.45தான் வரும். எது நியாயம் என்று என் வகுப்பு பாடவேளை முடியும்வரை சண்டை போட்டது. சராசரி என்பது வானத்திலிருந்து விழுந்த விதி அன்று, எதை எதால் வகுப்பது என்று மனிதர்கள் எடுத்த முடிவு என்பதை நான் சொல்லாமலே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு எனக்கு எந்தக் கூடுதல் பாடவேளையும் தேவைப்படவில்லை.

கிரிக்கெட் பார்க்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, கேட்டவர்களில் அவர் ஒருவர்தான் வகுப்பறையை நினைத்துக் கேட்டார். விளையாட்டு என்றால் கிரிக்கெட் மட்டும் இல்லை. ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவின் ஆண்டுச் சிறந்த எறிதல்கள் 2022இல் 89.94 மீட்டர், 2023இல் 88.77, 2024இல் 89.49, 2025இல் 90.23. ஏறி இறங்கும் இந்தப் புள்ளிகளுக்கு நடுவே எப்படிக் கோடு போடுவது என்பதே ஒரு முழுப் பாடம். 2004இல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர்களின் நேரங்களுக்கு நேர்கோடு போட்டு, 2156இல் பெண்கள் ஆண்களை முந்துவார்கள் என்று கணித்தார்கள். அதே கோடுகளை இன்னும் சில நூற்றாண்டுகள் நீட்டினால் ஓட்ட நேரம் சுழியத்துக்கும் கீழே போய்விடும் என்று மறுப்பும் வந்தது. புறப்படுவதற்கு முன்பே ஓடி முடிப்பது எப்படி என்று கேட்டு என் மாணவிகள் சிரித்த சிரிப்பை அந்தக் குறிப்பாணையில் கையெழுத்திட்டவர் கேட்டிருக்க வேண்டும். விளையாட்டே பிடிக்காத பிள்ளைக்கு அவள் ஊர் ஏரியின் நீர்மட்டத்தைக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

கணிப்பைக் கற்றுக்கொடுத்தால் பந்தயம் கட்டப் பழகிவிடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கைப்பேசிச் செயலிகள் பிள்ளைகளையும் அவர்கள் அண்ணன்மாரையும் பணம் கட்டச் சொல்லி அழைத்த ஆண்டுகளில், வரைபடம் வரைந்த ஆசிரியரைக் கேட்டதுபோல் யாரைக் கேட்டீர்கள்? 10 ஓவர் முடிவில் 400 என்று கணித்துத் தாளில் தோற்ற பிள்ளைக்குத்தான், கணிப்பில் பணம் வைப்பது எத்தகைய ஏமாற்று என்று புரியும். அதே இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா 7 ஓவர்களில் 47 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்திருந்தது. 43 ஓவர்களில் 4 விக்கெட் இழப்புக்கு 241 எடுத்து வென்றது. இதைத் தன் கையால் குறித்த பிள்ளையிடம் எந்தச் செயலி வந்து "உறுதியான வெற்றி" என்று சொன்னாலும் அவள் ஒரு நிமிடம் யோசிப்பாள். நிகழ்தகவை மறைத்து வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை முதலில் பகிர்ந்தவரும் ஓர் ஆசிரியர்தான். சுண்ணக்கட்டி பிடித்த கைதான் அதை எடுத்து அனுப்பியது. பிள்ளைகள் கணக்கைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் வருந்துகிறோம். அந்தப் பயத்தைக் குறைக்க ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து 50 ஓவர் விவரங்களைத் திரட்டி வந்தால், அவர் முகத்தில் முதலில் கரி பூசுவது நாம்தான். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கேள்வி கேட்க வரும் யாரும், ஒரு வகுப்பு முழுவதும் கை தூக்கிய நாளைப் பற்றிக் கேட்க வருவதில்லை. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் எல்லாரும் பேசினால் சத்தம் வரத்தான் செய்யும். பின்வரிசையில் எப்போதும் தலைகுனிந்திருந்த ஒருவன் எழுந்து, "சார், இந்தக் கோட்டை இங்கேயே உடைக்கணும்" என்று சொன்னதாக அந்த ஆசிரியர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அவர் தன் விளக்கக் கடிதத்துடன் அந்த நாளின் வரைபடத்தாள்களையும் இணைத்து அனுப்பப் போகிறார். நாங்கள் சிலர் அவருக்கு ஆதரவாகத் தனிக் கடிதம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். கணித ஆசிரியர்கள் யாரேனும் சேர விரும்பினால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.