வாயில் விரல் வைத்து வளர்ந்தவர்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் அந்த அதிகாரியின் பதிவை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். கடலூர்ப் பையன், பெரிய மென்பொருள் நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் நேர்காணல், விடை சரி, ஆனால் ஆறு நிமிடம் வாய் திறக்கவில்லை, அதனால் தள்ளிவிட்டாராம். தள்ளுவது அவர் உரிமை. கீழே எதற்கு அந்தச் சிரிப்புப் பொம்மை?

யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே யோசிக்க வேண்டும் என்று கூகுள் போன்ற நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டிக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் அதை அறிவோடு சேர்க்காதீர்கள், அது பழக்கம். நானும் கடலூர்தான். திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளியில் எங்களுக்குப் பழக்கியது வேறு. ஆசிரியர் உள்ளே வந்தால் வாயில் விரல். பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத ஒரு வகுப்புத் தலைவன். என் பெயர் ஒரு முறைகூட வந்ததில்லை. அதற்காக மூன்றாம் வகுப்பில் சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன்!

அப்படியொரு நிறுவனத்தில் எனக்கு நடந்த நேர்காணலில் கேட்டது லிங்க்டு லிஸ்ட், கணினியில் தரவுகளைக் கோக்கும் ஒரு முறை. ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டும் சங்கிலி. அது எங்காவது திரும்பி வந்து வட்டமாகிவிட்டதா என்று கூடுதல் நினைவகம் எடுக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 45 நிமிடம். எனக்கு மஞ்சக்குப்பம் மைதானம் நினைவுக்கு வந்தது. காலையில் அப்பா நடப்பார், நான் ஓடுவேன். வட்டமாகச் சுற்றுவதால்தான் அவரைத் திரும்பத் திரும்பப் பின்னாலிருந்து வந்து பிடிப்பேன். நேர்ச்சாலையாக இருந்தால் தேவனாம்பட்டினம் கடலுக்கே போயிருப்பேன். அவ்வளவுதான் விடை. ஒரு பாயின்டர், அதாவது சங்கிலியில் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி, ஒவ்வொரு படியாக, இன்னொன்று இரண்டிரண்டு படியாக. இரண்டும் சந்தித்தால் வட்டம். மனதுக்குள் ஓடி முடித்து எழுதினேன். "நீங்கள் யோசித்ததே எனக்குத் தெரியவில்லையே" என்றார் எதிரிலிருந்தவர். அப்பாவையும் மைதானத்தையும் ஆங்கிலத்தில் சொன்னால் சிரிப்பாரோ என்று விழுங்கிவிட்டேன். பத்து நாள் கழித்து, வருந்துகிறோம் என்று மின்னஞ்சல்.

வேலைக்குப் போனால் நாலு பேரிடம் பேசத்தானே வேண்டும் என்பீர்கள். எட்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு டீ குடித்து, ஓர் இரவு யோசித்துவிட்டுப் பேசுகிறேன். யாரும் தலைக்கு மேல் கடிகாரத்தைத் தொங்கவிடவில்லை. பயிற்சி எடுத்திருக்கலாமே? யாரிடம்? எங்கள் கல்லூரியிலிருந்து அங்கே போன சீனியர் ஒருவர்கூட இல்லை. ஊரை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: இழுத்தது நானா? பையனுக்கு முன்னால் 'கடலூர்' என்று எழுதியது யார்?

புதிர்க் கேள்விகள் வெறும் நேர விரயம், கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தரவே அவை உதவுகின்றன என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இலேயே சொல்லிவிட்டார். புதிர் போய்விட்டது, நினைப்பு மட்டும் போகவில்லை போலிருக்கிறது. பதிவு போட்ட அந்த அதிகாரியே போன மாதம், அதிகம் பேசாமல் கேட்பவரே நல்ல தலைவர் என்று எழுதினார். எத்தனை கைதட்டல்! அவர் பேசாவிட்டால் பக்குவம், எங்கள் பையன் பேசாவிட்டால் ஊமை.

மின்னஞ்சல் வந்த அன்று, "என்னப்பா கேட்டார்கள்?" என்றார் அப்பா. ஏதோ கணக்கு என்றேன். அந்தக் கணக்கில் அவர் இருந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் என் எண்ணைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரட்டும். அப்பாவும் வருவார். இப்போது இன்னும் மெதுவாக நடக்கிறார்.