அறுபத்தைந்தாயிரம் கோடி, லட்சம் கோடி அல்ல

ராகுல் காந்தியுடனான உரையாடலில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் ஏழைகளுக்காக 65 லட்சம் கோடி ரூபாய் கேட்டதாகவும், கொடுத்தால் நாடு திவாலாகும் என்றும் ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2020 ஏப்ரல் 30 அன்று வெளியான அந்தக் காணொலியில், கொரோனா ஊரடங்கால் வருமானம் இழந்த ஏழைகளுக்கு உதவ எவ்வளவு தேவைப்படும் என்று ராகுல் கேட்டபோது, ஏறக்குறைய 65,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்றும், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 200 லட்சம் கோடியாக இருக்கையில் அது பெரிய தொகை அல்ல என்றும்தான் ராஜன் பதிலளித்தார். அதாவது, உற்பத்தி மதிப்பில் சுமார் 0.3 விழுக்காடு. அந்தத் தொகையை நூறு மடங்கு பெருக்கிவிட்டு ‘நாடு திவாலாகும்’ என்று வாதிடுவது எளிதுதான்.

மக்கள்தொகையின் கீழ்த்தட்டு 60 விழுக்காட்டினருக்குப் பணம் கொடுக்கலாம் என்ற யோசனையும் ராஜனுடையதல்ல. மே 5 அன்று வெளியான, ராகுலுடனான வேறோர் உரையாடலில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி சொன்னது அது. கேட்பவர்களுக்கெல்லாம் தற்காலிகக் குடும்ப அட்டை வழங்கலாம் என்றும் அவர் அதில் சொல்லியிருந்தார்.