பாயிண்ட் டூ டூ தானே என்கிறவர்களுக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் படத்தைப் பகிராதவர்கள் இங்கே குறைவு. ஒரு கை பேன்ட் பாக்கெட்டில், சாதாரண டி-ஷர்ட், வீட்டில் போடுகிற பவர் கண்ணாடி. "எந்தச் சாதனமும் இல்லாம வந்து ஜெயிச்சிட்டுப் போயிட்டார்" என்று ஊரே கொண்டாடியது. மனிதர் காதில் அடைப்பான் வைத்திருந்தார், அதை யாரும் கவனிக்கவில்லை. சரி, அது போகட்டும். அவர் சுட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் சுடுவது. அதில் வெடிமருந்தே கிடையாது. அந்த மீமைக் காட்டி .22 ரைபிள் (பாயிண்ட் டூ டூ, சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி) பிடிக்கும் பையன்கள் "பாயிண்ட் டூ டூ தானே, இதுக்குத் தனியா பாதுகாப்புக் கண்ணாடி எதுக்கு, பவர் கண்ணாடி போதாதா சார்?" என்று கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.

போதாது. ஏனென்றால் .22-இல் கண்ணுக்கு வருகிற ஆபத்து முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் பித்தளை மெல்லிசு. சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், அழுக்கு சேர்ந்து தோட்டா முழுதாக உள்ளே போகாமல் இருந்தாலோ, பழைய ரைபிளில் அந்த அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் தேய்ந்திருந்தாலோ, விளிம்பு பிளந்து சூடான வாயு பின்பக்கமாகப் பீறிடும். பின்பக்கம் என்றால் எங்கே? ரைபிளின் கட்டையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பவரின் முகம்தான். போல்டுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

ரேஞ்சில் பக்கத்து லேனில் சுடுகிறவர் ஒருமுறை அப்படிப் பிளந்த காலிக் கூடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விளிம்போரம் நகக்கீறல் அளவு பிளவு, அதைச் சுற்றிக் கரி. அவ்வளவுதான். அதிலிருந்து பிய்ந்த பித்தளைத் துணுக்கு எங்கே போனது என்று தேடினோம், கிடைக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. போட்டிகளில் பெரிய வீரர்கள் ஒற்றைக் கண் லென்ஸ், இன்னொரு கண்ணுக்கு மறைப்பு என்று ஒரு ஃபிரேம் போடுகிறார்களே, அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது குறி தெளிவாகத் தெரிவதற்கு. ஒரு கண்ணை இறுக்கி மூடினால் சீக்கிரம் களைத்துவிடும், அதனால்தான் மறைப்பு. பக்கவாட்டில் அது எதையும் தடுக்காது. சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்புத்தகம்கூட, உடையாத கண்ணாடி அணியும்படி வலியுறுத்துவதோடு நின்றுகொள்கிறது, கட்டாயம் ஆக்கவில்லை. 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர் பத்துப் புள்ளி வட்டத்துக்காக வாழ்க்கையையே கொடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இருக்கட்டும். என்.சி.சி. கேம்ப்பில் முதல்முறை தார்ப்பாயில் குப்புறப் படுக்கிற கேடட்டுக்கு எதற்கு அந்தச் சலுகை? இடப்பக்கத்து ஆள் போல்ட்டை இழுத்தால் சூடான காலிக் கூடு இவன் பக்கம்தான் வந்து விழும்.

இரும்புத் தகட்டை வைத்துச் சுடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஈயம் சிதறித் திரும்பி வரும். மொட்டை மாடியில் ஏர் கன் வைத்துக்கொண்டு பாட்டிலையும் சுவரையும் சுடுகிற வீரர்களும் இதில் சேர்த்தி.

தேவை பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டையும் மூடுகிற மாதிரி. பவர் உள்ளவர்கள் தங்கள் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி கிடைக்கிறது. நம் ஊர் புழுக்கத்தில் ஆவி படியும் என்பது நியாயமான புகார். நானும் திட்டிக்கொண்டேதான் துடைக்கிறேன். ஆவி படியாத பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

எங்கள் ரேஞ்சில் சத்தத்தைத் தடுக்கும் காது மஃப் இல்லாமல் லேனுக்குள் விடமாட்டார்கள். கண்ணாடி பற்றிக் கேட்டால் "உங்க இஷ்டம் சார்" என்கிறார்கள். மஃப் தொங்குகிற அதே ஆணி வரிசையில் பத்து கண்ணாடியும் தொங்கட்டும், பயிற்சியாளரும் ஒன்றை எடுத்து மாட்டட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். துப்பாக்கி துடைக்கும் மேசைக்கும் இரண்டு வேண்டும் என்று கீழே சேர்த்திருக்கிறேன். ஸ்பிரிங்கும் சால்வென்ட்டும் தெறிப்பது அங்கேதான்.