சேர்க்கை சரியில்லை

எங்கள் வீட்டில் எது கோணலாகப் போனாலும் காரணம் ஒன்றுதான்: "சேர்க்கை சரியில்லை."

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை எங்களுக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த தாத்தா, எஸ்டேட் லைன் வீட்டில் கிடந்து, சீட்டுப் போட்டு வாங்கியது. அப்படிப்பட்ட வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "தேயிலையும் சீகையும் போய்ப் பழையபடி புல்வெளி வரணும்" என்றேன். சீகை என்றால் வெளியிலிருந்து வந்த வாட்டில் மரம். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "காலேஜ்ல எவனோ மருந்து வச்சுட்டான்" என்றார் அத்தை.

ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட சித்தப்பா மகள் தன்னைப் பெண் என்று சொன்னபோதும் அத்தைக்கு அதே மருந்துதான்.

என் விஷயத்தில் அத்தை சொன்னது பாதி சரி. கூடப் படித்தவன்தான் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிக்குக் கூட்டிப்போனான். மழை நின்று வாரக்கணக்காகியும் அங்கே புல்வெளிக்கு நடுவே இருக்கும் சோலைக்காட்டுக்குள்ளிருந்து ஓடை வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் ஊற்றில் மார்ச்சிலேயே குடங்கள்தான் வரிசையில் நிற்கும். யாரோடு பழகினோம், எதைப் பார்த்தோம், எதில் அடிபட்டோம் என்பதிலிருந்துதான் அரசியல் வருகிறது. வந்த வழியே போகவும் செய்யும். "பிடுங்கிட்டா கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க எங்கடா போவாங்க?" என்று அம்மா கேட்டதிலேயே பாதி இளகிவிட்டேன். இப்போது, கைவிட்ட எஸ்டேட்டுகளில் மட்டும் தொடங்கலாம் என்கிறேன்.

சித்தப்பா மகளுக்கு முடியை ஒட்ட வெட்டினார்கள். கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். சித்தப்பா பெல்ட்டை எடுத்தார். ஒன்றும் அசையவில்லை. அது வெறும் கருத்தாக இருந்திருந்தால் அந்தப் பெல்ட்டுக்கு இரண்டே நாளில் மாறியிருக்கும். நானாக இருந்தால் ஒரே நாள். சேர்க்கை என்றால், அவள் ஒரு திருநங்கையை நேரில் பார்த்ததே பத்தொன்பது வயதில், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்.

"சின்னதுலயே அம்மாச்சியோட கொழுந்துச் சாக்கைத் தலையில மாட்டிக்கிட்டுத் திரியும், அப்பவே தெரியும்" என்று சித்தி இப்போது சொல்கிறார். இதையும் நான் ஒப்பவில்லை. அந்தச் சாக்குக்கு நானும்தான் சண்டை போட்டேன்.

வளர்ப்புதான் எல்லாம் என்பவர்கள் டேவிட் ரீமர் கதையைத் தேடிப் படியுங்கள். 1965இல் கனடாவில் பிறந்த ஆண்குழந்தை. முன்தோல் நீக்கும்போது நடந்த விபத்துக்குப் பிறகு, ஜான் மணி என்ற உளவியலாளர் சொல்லைக் கேட்டுப் பெண்ணாகவே வளர்த்தார்கள். கவுன், பெண் பெயர், ஹார்மோன் எல்லாம் கொடுத்தும் ஒட்டவில்லை. பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழப் போய்விட்டார். ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கும் கொஞ்சம் தெரிகிறது. கருவில் சுரக்கும் ஹார்மோனையும் சொல்கிறார்கள். இதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட யாராலும் முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றபோது, அதற்குக் காரணத்தை நிரூபி என்று கேட்கவும் இல்லை.

போன மாதம் சித்தப்பா மகள் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தாள். என் புல்வெளிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணா, உன் பங்கைப் புல்லாக்கு, மாடாக்கு. என் பங்குல ஒரு செடியத் தொட்டே, பார்த்துக்க" என்றாள். ஓட்டும் அவள், தாத்தா போட்ட சின்னத்துக்குத்தான் போடுகிறாள்.